முப்பத்தேழாம் எண் பெண்மணி

“காளான் சூப்புக்கு எழுபது பக்கமா?”

“சூப்புக்கு நாலு பக்கம்தான், புரொபசர். மீதி எல்லாம் பாத்திரத்துக்கு.”

ஆல்டன் பிரெஸ்காட் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். மினசோட்டாவின் அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தில் அவர் அமெரிக்கப் பண்பாடு சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. எதிரே உட்கார்ந்திருந்த சிக்ரிட் ஹால்வர்சன் கடைசி வருட மாணவி. வரலாறு, வேதியியல், சமூகவியல் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து ஓர் ஆய்வேடு எழுதியிருந்தாள். மற்ற இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இவரும் போட்டால்தான் டிசம்பரில் பட்டம். சிகாகோவில் அவளுக்காகக் காத்திருக்கும் மேற்படிப்பு இடமும் அதை நம்பித்தான்.

“முதல்ல ஒரு மிட்டாய் எடுத்துக்கோ.”

மனைவி லெனோரின் படத்துக்குப் பக்கத்தில் இருந்த மிட்டாய்ப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினார். நடுங்கிக்கொண்டு வரும் மாணவர்களுக்கு அவர் கண்டுபிடித்த மருந்து அது.

“வேண்டாம், புரொபசர்.” சிக்ரிட் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

“சரி, சொல்லு. என்ன கண்டுபிடிச்சே?”

“இந்த ஊர்ல ஒரு வீட்ல சாவு விழுந்தா, அக்கம்பக்கத்துல எல்லாரும் ஹாட்டிஷ் பண்ணி எடுத்துட்டுப் போவாங்க. இறைச்சி, உருளைக்கிழங்கு, காளான் சூப், எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஓவன்ல வச்சு எடுக்கறது. தூக்கிப் போடற அலுமினியத் தட்டுல கொண்டு போக மாட்டாங்க. வீட்ல இருக்கற நல்ல பாத்திரத்துலதான் போகும். அடியில டேப் ஒட்டிப் பேர் எழுதியிருக்கும்.”

“ஏன் நல்ல பாத்திரம்?”

“அப்பதானே திருப்பிக் கொடுக்க வருவாங்க? முடங்கிக் கிடக்கற மனுஷன் ஒரு நாள் கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய வரணும். கழுவின பாத்திரத்தோட நம்ம வாசல்ல வந்து நிக்கணும். ஒரு காபி குடிச்சுட்டுப் போகணும். பாத்திரம் சும்மா ஒரு சாக்கு.”

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“இது ரொம்ப நல்லா இருக்கே! இதைப் போய் நாற்பதாம் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கே. முதல் பக்கத்துல போட்டிருக்க வேண்டாமா?”

“எங்க ஊர்க்காரங்க எதையும் முதல் பக்கத்துல சொல்ல மாட்டோம், புரொபசர்.”

இந்த முறை அவர் வாய்விட்டே சிரித்தார். பிறகு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கடைசி அத்தியாயத்துக்கு வந்தார். அங்கேதான் அவருக்கு உறுத்தல்.

“அறுபத்து மூணு பெண்களைப் பேட்டி எடுத்திருக்கே. பாத்திரம் திரும்பி வராட்டி இந்த ஊர்ல யாருமே கேக்க மாட்டாங்கன்னு முடிச்சிருக்கே. யாருமேவா?”

“யாருமே. கேட்டா, ‘நீ அழுதது போதும், எழுந்திரு’ன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

“இதோ பாரு, ‘யாருமே’ங்கறது பெரிய வார்த்தை. இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி, ஒரே ஒருத்தி, வாயைத் திறந்து ‘எங்க பாத்திரத்தைக் கொடு’ன்னு கேட்டிருந்தாப் போதும், எழுபது பக்கமும் படுத்துடும். நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெரியும்ல?”

“தெரியும்.”

“இந்த முப்பத்தேழாம் எண் பெண்மணியை எடுத்துக்கோ. ரெண்டு வருஷமாப் பாத்திரம் வரலைன்னு போட்டிருக்கே. அவங்ககூடவா கேக்கலை?”

“கடையில அந்த ஆளைப் பாக்கறப்பல்லாம் பனி எவ்வளவு கொட்டிச்சுன்னு பேசிட்டு வந்துடுவாங்க.”

“யாரும்மா அந்தக் கல்நெஞ்சக்காரன்?”

“சேச்சே, நல்ல மனுஷர்தான். வெளியூர். தனக்கே கொடுத்துட்டாங்கன்னு நினைச்சிருப்பார்.”

“யாராவது அவனுக்கு ஜாடைமாடையா சொல்லிப் பாக்கக் கூடாதா?”

“சொல்லிட்டுத்தான் இருக்காங்க, புரொபசர். அவருக்குப் புரியலை.”

“மண்டு!” என்றார் பிரெஸ்காட் சந்தோஷமாக.

சிக்ரிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாகன நிறுத்தத்தில் யாரோ காரின் மேல் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

“சரி. அறுபத்து மூணு பேர், ஒருத்தர்கூடக் கேக்கலை. ஒத்துக்கறேன்.” அவர் கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பினார். பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

“ஒரு நிமிஷம், புரொபசர். நீங்க கையெழுத்துப் போட்டப்புறம் இதைச் சொன்னா அது ஏமாத்து.”

அவள் எழுந்து நின்றாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. மிட்டாய்களை மேஜைமேல் கொட்டிவிட்டு, காலிப் பாத்திரத்தை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். பழுப்பேறிய டேப்பில், நீல மசியில், கோணல்மாணலாக எழுதியிருந்தது: மார்னா ஹால்வர்சன்.

“முப்பத்தேழாம் எண் எங்க அம்மா. உங்க மனைவி தவறின வாரம் கொண்டுவந்து கொடுத்தாங்க. எழுபது பக்கத்துக்கு ஜாடையா எழுதிப் பாத்துட்டேன். வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து... புதன்கிழமை இதைக் கழுவி எடுத்துக்கிட்டு நீங்களே எங்க வீட்டுக்கு வர்றீங்களா, புரொபசர்?”