சாக்ஸுக்குள் ஆறு கடிகாரம்

"இவரை வெளிநாட்டுக்கு விட்டா ஓடியே போயிடுவார் ஐயா!"

சுங்கத்துறை வக்கீல் போட்ட போடில் கடிகாரக் கடைக்காரருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாலு படி ஏறினாலே மூட்டு பிடித்துக்கொள்கிற ஆசாமி எங்கே ஓடுவது?

ஆனால் போயே ஆகவேண்டும். வியாழக்கிழமை அங்கே மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன். "கண்ணு முழிக்கிறப்ப அப்பா பக்கத்துல இருக்கணும்" என்று போனில் அழுதிருந்தாள். பாஸ்போர்ட்டோ இதே கோர்ட்டின் பீரோவில் கிடந்தது.

வக்கீல் விடவில்லை.

"சாதாரண ஆள் இல்லை ஐயா. சாக்ஸுக்குள்ள ஆறு கைக்கடிகாரம்! இதோ, இந்த அதிகாரியோட கழுகுப் பார்வையாலதான் மாட்டினார். அதுக்காக அவருக்குப் பாராட்டுப் பத்திரமே கொடுத்திருக்காங்க."

பக்கத்தில் நின்ற அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டார். கடைக்காரர் இரண்டு வருஷமாக மனசுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் 'மீசை'தான்.

கழுகாவது, பார்வையாவது! மாட்டிய கதை அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். மனைவியிடம்கூட, "ஏதோ புது மெஷின் வாங்கி வச்சிருக்காங்க" என்று அளந்துவிட்டிருந்தார். கடத்தல்காரன் என்ற பெயரைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். கடத்தத் தெரியாத கடத்தல்காரன் என்ற பெயரோடு வீட்டில் எப்படிச் சாப்பிட உட்காருவது?

நீதிபதி மீசையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. விட்டா திரும்பி வருவாரா?"

போச்சு என்று கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வருவார் ஐயா."

வக்கீல் கையிலிருந்த காகிதம் நழுவியது.

"அன்னைக்கு நான் யாரையும் பிடிக்கலை. ஏர்போர்ட்ல இவர் எங்களைத் தாண்டி வெளியே போயிட்டார். டாக்ஸியில பெட்டி ஏத்துறப்பதான், யாரோ ஒரு அம்மாவோட மருந்துப் பை தன் தள்ளுவண்டியில இருக்கறதைப் பார்த்திருக்கார். அதைக் கொடுக்கறதுக்கு நேரா என்கிட்டயே திரும்பி வந்தார். 'பாவம், தேடுவாங்க சார்'னு நீட்டினப்ப சாக்ஸ் சரிஞ்சு, ரெண்டு கடிகாரம் என் ஷூ மேலேயே விழுந்தது."

கோர்ட்டில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

"மூணு வாரம் போயிட்டு வரட்டும். வந்த மறுநாளே பாஸ்போர்ட்டை இங்க ஒப்படைக்கணும்."

வராந்தாவில் மனைவி, "மெஷினாமே, மெஷின்!" என்று விலாவில் இடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் இடித்தாள்.

கடைக்காரர் மூட்டு வலியைக்கூட மறந்து மீசையின் பின்னால் ஓடினார்.

"சார், என்னால உங்க பாராட்டுப் பத்திரம்..."

மீசை நின்றார்.

"கூடத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன். வர்றவங்க எல்லாம் அதைப் பார்த்துட்டு என்னைப் பாராட்டிட்டுப் போவாங்க. நீங்களாவது சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சீங்க. நான் ரெண்டு வருஷமா சுவத்துல மாட்டி வச்சிருந்ததும் திருட்டுச் சரக்குதானே சார்?"