தனி அடுப்பு

"இதைத் தனி அடுப்புன்னு எழுத முடியாதும்மா," என்றாள் மாணவி.

"ஏன்? தனியாத்தானே இருக்கு?" தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பின்னறை மூலையில் அடுப்பு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பர்னரில் ஒரு கரும்புள்ளி இல்லை. கடை ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை.

மாணவி நகரத் திட்டமிடலில் வீட்டுவசதி பற்றி முதுகலை படிப்பவள். இந்தக் குடியிருப்பை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். யாருக்கு என்ன வீடு என்ற கணக்கெடுப்பு அவள் வகுப்பின் பொறுப்பு. தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம். தனிக் குடும்பத்துக்குத் தனி வீடு. அவ்வளவுதான் விதி.

படிவத்தின் அடியில் அவள் கையெழுத்துப் போடவேண்டும். பொய் என்று தெரிந்து போட்டால் படிப்பே போய்விடும். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவள், எந்த முகத்தோடு திரும்பிப் போவாள்?

"இந்த ரூம்ல யாரு இருக்கா?"

"எங்க வீட்டுக்காரரோட அக்கா. வேலைக்குப் போயிருக்காங்க. அவங்க தனி."

"சமையல்?"

"அதுவும் தனிதான்..." தையல்காரம்மாவின் பார்வை எங்கோ போனது.

"நீங்க, வீட்டுக்காரர், ரெண்டு பொண்ணுங்க. நாலு பேருக்கு எதுக்கு அஞ்சு தட்டு கழுவிக் கவுத்திருக்கீங்க?"

தையல்காரம்மா நகர்ந்து தட்டுகளை மறைத்து நின்றுகொண்டாள்.

கூட வந்த வகுப்புத் தோழன் காதைக் கடித்தான். "நாத்தனாரைக் காட்டி ரெண்டு வீடு அமுக்கப் பாக்குறாங்க. கில்லாடி! ஸ்டிக்கரையாவது கிழிச்சிருக்கலாம்."

மாணவி விறுவிறுவென்று எழுதினாள். ஒரே குடும்பம். ஐந்து பேர்.

"அப்படி எழுதாதம்மா!"

"உங்களுக்கு இதுல லாபம்தாம்மா. நாலு பேர்னா ஒரு ரூம் வீடு. அஞ்சு பேர்னா ரெண்டு ரூம். அவங்களைச் சேர்த்தாத்தான் உங்களுக்குப் பெரிய வீடு. பிரிச்சா சின்னதுதான் கிடைக்கும்."

"தெரியும்மா. போன வாரம் கூட்டத்துலயே சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு வந்துதான் அடுப்பு வாங்கினேன்."

மாணவியின் பேனா நின்றது.

"நாலு பேரும் ஒரே ரூம்லயா?"

"படுத்துக்குவோம். பொண்ணுங்ககிட்டயும் சொல்லியாச்சு." தையல்காரம்மா பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள். "வாழ்க்கை சரியில்லாம ஒரு பையோட வந்தாங்க. பதினஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் ஃபேன் போடணும்னாக்கூட, போடட்டுமான்னு கேக்குறாங்க. இது உங்க வீடு அண்ணின்னு எத்தனை தடவை சொன்னாலும் ஏறமாட்டேங்குது. ஒரு தடவையாவது நான் அவங்க வாசல்ல நின்னு, 'அண்ணி, உள்ள வரலாமா'ன்னு கேக்கணும்மா."

தோழன் ஏற்கெனவே மூடியிருந்த பையை மறுபடி மூடிக்கொண்டிருந்தான்.

மாணவி படிவத்தைப் பாதியாகக் கிழித்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து, எழுதாமலேயே அட்டையில் செருகினாள்.

"சாயங்காலம் திரும்ப வர்றேம்மா. இன்னையிலேருந்து உங்க அண்ணியை இதுலயே சமைக்கச் சொல்லுங்க. எரியிறதை நான் கண்ணால பாத்துட்டு எழுதணும்."