தொட்டால் நகரும் கார்

"டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒரு காரா சார்? மிதிச்சா பறக்கணும்!" என்று டெல்லி லோதி ரோடு ஆபீஸ் கேன்டீனில் சேஷன் மேஜையைத் தட்டினார்.

"டர்போ கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் கிளம்பும், நம்ம செக்‌ஷன் ஃபைல் மாதிரி," என்றார் பூவராகவன். "எனக்குச் சாதா எஞ்சின், மானுவல் கியர். கனம் கம்மியா இருக்கணும், தொட்டா நகரணும்."

ஆறு மாதம் இந்தச் சண்டை நடந்தது. ஃபைல்கள் தூங்கின. ஒருவழியாகப் பூவராகவன், டர்போ இல்லாத சிவப்புக் காரையே வாங்கினார்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேஷன் பூவராகவனின் கிட்வாய் நகர் வீட்டுக்கு வந்தார்.

"எப்படி சார் போகுது வண்டி?"

"பிரமாதம்! வாங்க, காட்டறேன்."

ஒரு ரவுண்டு கூட்டிப்போவார் என்று சேஷன் ஆசையாகச் செருப்பை மாட்டினார். பூவராகவனோ பால்கனிக்கு அழைத்துப்போனார்.

கீழே, பக்கத்து வீட்டு கபூர் ஆன்ட்டி தன் காரை வெளியே எடுப்பதற்காக, குறுக்கே நின்ற சிவப்புக் காரை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா? நியூட்ரல்ல விட்டு, ஹேண்ட்பிரேக் போடாம நிறுத்தி வெச்சிருக்கேன். டர்போவா இருந்தா தள்ள ரெண்டு ஆள் வேணும்!"

"அது சரி, நீங்க எப்ப ஓட்டறீங்க?"

பூவராகவன் பதறிப்போனார்.

"ஓட்டறதா? வெளிய எடுத்தா பார்க்கிங் இடம் போயிடுமே சார்!"