பள்ளத்தில் உட்கார்ந்த வளையம்

மாலை வகுப்பின் கணினித் திரையில் பாக்டீரியா நொதியின் படம் நீல வலையாக மெல்லச் சுழல்கிறது. அந்த நொதியின் மிச்சமிருந்த கடைசிப் படிகத்தை நான்தான் மருந்துத்துணுக்கு, அதாவது மருந்தாக வளரக்கூடிய சிறு மூலக்கூறு, கலந்த கரைசலில் ஊறவைத்தேன்; அதை எக்ஸ்கதிரில் எடுத்த படம்தான் இது. துணுக்கு நொதியில் ஒட்டியிருந்தால் அதன் பள்ளத்தில் பச்சைத் திட்டு தெரிய வேண்டும். தெரிகிறது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "போன தடவை பள்ளத்துல இருந்த வெறும் கிளிசரினைத் துணுக்குன்னு நெனச்சு வகுப்புக்கே மிட்டாய் குடுத்தவதானே நீ?" என்று பக்கத்து நாற்காலி அக்கா சிரிக்கிறாள். "சும்மா இருக்கா, வச்சுப் பாக்கறேன்." வாலோடு கூடிய வளையமாகத் திரையில் இருக்கும் துணுக்கின் உருவத்தை நகர்த்தித் திட்டுக்குள் வைக்கிறேன், கச்சிதம். சந்தேகத்துக்குத் தலைகீழாகத் திருப்புகிறேன். வால் வெளியே துருத்துகிறது. பழையபடி திருப்புகிறேன், வால்கூட வளைவோடு வளைந்து படிகிறது. அக்காவின் சிரிப்பு நிற்கிறது. என் தோளில் தாடையை ஊன்றித் திரையை உற்றுப் பார்க்கிறாள். "அடியே, நிஜமாவே ஒட்டிக்கிச்சுடி!" என்று முதுகில் ஓங்கி ஓர் அடி வைக்கிறாள். சுரீரென்கிறது. இன்னொன்று வைத்தாலும் வாங்கிக்கொள்வேன்.