லேபிள் இல்லாத வூஃபர்

"எந்தப் புண்ணியவான் இதோட லேபிளைச் சுரண்டி எடுத்தது?"

வூஃபரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை கேட்டார். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பரண் மேல், பெட்டி இல்லாமல் வெறும் ஸ்பீக்கராகக் கிடந்த அதைக் கண்டுபிடித்து இறக்கியவன் மச்சினன். அத்தான் கையால் ஒரு பெட்டி செய்து கொடுத்தால் தன் அறையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். மாப்பிள்ளைக்கு எதற்குச் சிரமம், தூக்கிப் போட்டுவிடலாம் என்று மாமனார் தடுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை விடுவாரா? அசல் எது, டூப்ளிகேட் எது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவர். ஸ்பீக்கர் என்றால் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வூஃபரின் குணம் தெரியாமல் பெட்டி செய்ய முடியாது. பெட்டி சின்னதானால் தொண்டை கட்டியதுபோல் பாடும், பெரிதானால் கொழகொழக்கும். லேபிள் இருந்தால் மாடல் நம்பரை வைத்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கலாம். அது இல்லாததால், மாமியாரின் சமையலறைத் தராசில் களிமண் உருண்டையை நிறுத்து, வூஃபரின் கூம்பில் ஒட்டி, எங்கே அதிகமாக அதிர்கிறது என்று சோதித்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். விடுமுறை நாள் முழுவதும் கணக்குப் போட்டு, பலகை அறுத்து, பசை தடவி, திருகு முறுக்கினார். மாலையில் குடும்பத்தையே ஹாலில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார்.

தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

மச்சினன் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். மாப்பிள்ளையின் மானம் கப்பலேறியது. யார் முகத்தையும் பார்க்காமல் வூஃபரைக் கழற்றி, பின்பக்கக் காந்தத்தின் பிளாஸ்டிக் மூடியை நெம்பினார். உள்ளே பிஸ்கட் அளவுக்கு ஒரு காந்தமும், கனத்துக்காக ஒரு சிமெண்ட் கட்டியும் இருந்தன. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பெட்டி மேல தப்பே இல்ல. சரக்கே டூப்ளிகேட். மாமா, எந்த ஏமாளி இதை வாங்கினது?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் மாப்பிள்ளை. விவரம் தெரியாம வாங்கிட்டேன்."

அவ்வளவுதான், மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். சிமெண்ட் கட்டியை ஆளாளுக்குக் கையில் கொடுத்துக் கனம் பார்க்கச் சொன்னார். ஒரு பொருளை வாங்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும், தெரியாவிட்டால் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும், இதை வெளியே சொன்னாலே வெட்கக்கேடு என்றார். பெற்ற மகன் முன்னால் மாமனார் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. மாப்பிள்ளைக்குத்தான் இரக்கம் வரவில்லை.

மனைவி அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்பாவை இவ்வளவு பேசணுமாங்க?"

"ஏமாந்தவரைச் சொல்லாம வேற யாரைச் சொல்றது?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருஷம் அப்பாவுக்கு வெளிநாட்டு மியூசிக் செட்டுன்னு ஆசையா வாங்கிக் குடுத்தீங்களே, அது மாடியில பத்திரமா இருக்குன்னு நாங்க சொன்னது பொய். மழைத்தண்ணி பட்டு அதோட பெட்டி உதிர்ந்துபோச்சு. உள்ள இருந்தது இதுதான், ஏதோ உள்ளூர் கம்பெனி லேபிளோட. மாப்பிள்ளை ஏமாந்தது தம்பிக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு, அப்பாதான் உட்கார்ந்து லேபிளைச் சுரண்டினார்."