உடுப்புக்குக் கட்டிய உடம்பு

கடைசிப் பொம்மை மட்டும் பிடிவாதம் பிடித்தது. உடுப்பு அதன்மேல் உட்கார மாட்டேன் என்றது.

அருங்காட்சியகத்தில் உடுப்புகளுக்குப் பொம்மை கட்டுகிறவள் அவள்; பொம்மைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்கடையில் உடம்புக்குத் தக்கபடி துணியை வெட்டுவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். பழைய உடுப்பில் கத்தரி படக் கூடாது. பொம்மையைத்தான் செதுக்கி, பஞ்சு சுற்றி, உடுத்தியவர்களின் உடம்பைத் திரும்பக் கட்ட வேண்டும்.

நூறு வருஷத்துக் கவுனுக்கு இடுப்பைச் செதுக்கியாயிற்று. ஐம்பது வருஷத்துக் கோட்டுக்குத் தோளை ஏற்றியாயிற்று. மூச்சுவிட இடமில்லாமல் அப்படி என்ன அலங்காரமோ என்று அந்தச் சீமாட்டிகளைத் திட்டியும் ஆயிற்று.

கடைசியாக நிற்பது நம் காலத்து நீலக் கவுன். அவள் மகளுடையது.

கல்யாணமாகாத மகள், வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில் சாலை விபத்தில் போய்விட்டாள். பெட்டி மட்டும் வீடு வந்தது. அதைத் திறக்கவே இவளுக்கு மனம் வரவில்லை. கண்காட்சிக்கு இந்தக் காலத்து உடுப்பு ஒன்று வேண்டும் என்று மேலதிகாரி கேட்டபோதுதான் திறந்தாள்.

கண்காட்சியெல்லாம் ஒரு சாக்கு. மகள் எழுந்து நிற்பதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மகளின் அளவு மனப்பாடம். அந்த அளவுக்கே கட்டினாள். முன்பக்கம் துணி தொய்ந்து சுருங்கியது.

ஒரு சுற்றுப் பஞ்சு வைத்தாள். போதவில்லை. இன்னொன்று வைத்தாள். சுருக்கம் போகும்வரை வைப்பதுதான் தொழில். கை தன் பாட்டுக்கு வைத்துக்கொண்டே போனது.

சுருக்கம் போய்விட்டது.

மார்புக்குக் கீழே வயிறு மேடிட்டு நின்றது. பிள்ளைத்தாய்ச்சிகள் உடுத்திய பழங்காலத்துக் கவுன்களுக்கு இப்படி வயிறு வைத்துப் பழகியவள் அவள். நாலைந்து மாசம் இருக்கும்.

விளக்குப் பொருத்த வந்தவர் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். "என்னக்கா, வயித்துல பஞ்சு கூடிப்போச்சா? கொஞ்சம் எடுத்துடுங்க."

"இல்லப்பா. அளவு சரியாத்தான் இருக்கு."

பக்கத்துத் தையலைத் திருப்பிப் பார்த்தாள். பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டு, கையால் தைத்திருந்தது. கோணல்மாணலான தையல்; நூலின் நிறம்கூடப் பொருந்தவில்லை. பட்டன் அறுந்தால்கூட அம்மாவிடம் தூக்கிக்கொண்டு வருகிறவள், இதைத் தானே உட்கார்ந்து தைத்திருக்கிறாள். பாவி மகள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

கடைசியாக வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது இதே கவுன்தான். பேருந்து நிறுத்தத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

உடம்பு ஏறிக்கொண்டே போகிறது, முதலில் சாப்பாட்டைக் குறை என்று கேலி செய்து வண்டி ஏற்றிவிட்டது இவள்தான்.