கெர்மோர் எதிர்த்துப் பேசினார்

"துரோகி!"

பார்வையாளர் மாடத்திலிருந்து நொல்வென் கத்தியே விட்டாள். சபைக் காவலர் ஓடி வந்தார்.

"மேடம், இது பார்லிமென்ட். இன்னொரு தடவை வாயைத் திறந்தா வெளியே அனுப்பிடுவேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கீழே பேசிக்கொண்டிருந்தவர் ஜில்தாஸ் கெர்மோர், அவளுடைய ஊர் எம்.பி. முப்பது வருஷமாக இடதுசாரிகளுக்கும் வலதுசாரிகளுக்கும் நடுவே அதே நாற்காலி. 'ஒயினா, ஆப்பிள் சைடரான்னு கேட்டா தண்ணி கேக்கிற ஆளு' என்று பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் அவரைக் கேலி செய்வார்கள்.

அந்தத் தண்ணி மனுஷர் இன்று நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தார். எதற்கு? சின்ன ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிகளை மூடக் கூடாது என்ற சட்டத் திருத்தத்தை எதிர்த்து!

நொல்வென் அப்படியோர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். பக்கத்து ஊரில் போன வருஷம் மூடிவிட்டார்கள். அங்கே ஒருத்திக்குப் பாதி வழியில் காரிலேயே பிரசவம். குழந்தை தங்கவில்லை. அடுத்து இவள் ஊர் ஆஸ்பத்திரியின் முறை.

"இந்த ஆஸ்பத்திரிகள் எல்லாம் வீண் செலவு!" என்று முழங்கினார் கெர்மோர்.

"பணக்காரனுக்கு ஜால்ரா!" இடதுசாரிகள் மேசையைத் தட்டினார்கள்.

"கிராமத்துப் பொம்பளைங்க எங்கே போவாங்க? உட்காருய்யா!" வலதுசாரிகளும் எகிறினார்கள்.

ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து திருத்தத்தை ஜெயிக்கவைத்தன. நொல்வெனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

பார்லிமென்டுக்கு எதிரே இருந்த காபிக் கடையில் கெர்மோரைப் பிடித்தாள். அவருடன் இருந்தது ஒதில். திருத்தத்தைக் கொண்டுவந்த இடதுசாரி எம்.பி.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இனிமே ஊருக்குள்ள ஓட்டுக் கேட்டு வருவீங்க?"

"நீ கேக்கிறது நியாயம்தான், நொல்வென்."

"நியாயமாம்! ஆஸ்பத்திரி பொழைச்சது இந்த அம்மாவால. உங்களால இல்ல."

ஒதிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் கையெழுத்துதான் போட்டேன். எழுதினது பூரா இவர்."

நொல்வென் விழித்தாள். "அப்புறம் எதுக்கு எதிர்த்துப் பேசினீங்க?"

"இதையே நான் மூணு தடவை கொண்டுவந்தேம்மா. கெஞ்சிக்கூடப் பாத்தேன். நான் வலதுசாரின்னு இவங்க ஆளுங்க தோக்கடிச்சாங்க. இடதுசாரின்னு வலதுசாரிங்க தோக்கடிச்சாங்க. ரெண்டு பேரும் ஒத்துமையாகிறது என்னைத் திட்டுறப்ப மட்டும்தான். சரி, இந்தத் தடவை எதிர்த்துப் பேசுவோம்னு பேசினேன்."

நொல்வென் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இந்த மனுஷரையா அப்படி ஏசினோம்!

"ஊர்ல எல்லாருக்கும் சொல்றேன் ஐயா. இன்னைக்கே சொல்றேன். இல்லேன்னா வர்ற தேர்தல்ல நீங்க தோத்துடுவீங்க."

கெர்மோர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, வேண்டாம்மா! மேல்சபை ஓட்டெடுப்பு இன்னும் பாக்கி இருக்கு. அதுக்குள்ள என்னை நல்லவன்னு எவன்கிட்டயாவது சொல்லிவெச்சே, காரியமே கெட்டுடும்!"